பகலில் வருகிறவள்

சார்வரி வருஷம், ஆனி
கோட்டைக்குப்பம்

தெய்வநாயகியின் நைனாவுக்கு, தனக்கோடி சொல்லக் கணக்கர் சீனிவாசன் எழுதும் ஓலை.

நாகப்பட்டினத்தில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் செத்துப்போகவில்லை.

தோணி ஏறின அன்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "இது தேறாது தனம், வேற ஒண்ணு பெத்துக்கலாம்" என்றீர்கள். பிள்ளை என் இடுப்பில் இருந்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். கழுத்து நிற்காது, கால் நிற்காது, பேச்சு வராது. அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு எது புரியும் எது புரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

நீங்கள் வாங்கிப் போட்ட அரிசி வைகாசியோடு தீர்ந்தது. கடல் தாண்டி வந்த உலாந்தாக்காரர் கோட்டைக்கு வெளியே துணிக் கிடங்கில் பெண்களை எடுத்தார்கள். வெளுத்து வருகிற துணியை விரித்துப் பார்த்து, கறை இருந்தால் ஒதுக்கி, மற்றதை மடித்துக் கட்டுகிற வேலை. காலையில் மணி அடித்தால் கதவை மூடிவிடுவார்கள். சாயங்காலம் மணி அடித்தால்தான் திறப்பார்கள். முதல் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். மேஸ்திரி கோதண்டம் பார்த்துவிட்டு, "எச்சி ஒழுவற புள்ளைய துணியண்ட கொண்டாந்தா இன்னா ஆவறது? ஊட்ல வுட்டுட்டு வா" என்றார்.

பக்கத்து வீட்டு லட்சுமியை வைத்தேன். கூலியாகக் கிடைக்கிற அரிசியில் அவளுக்கும் பங்கு. சில நாள் பார்த்தாள். பிறகு ஒருநாள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

"உன் ஊட்லதான் ஏற்கெனவே ஒருத்தி கீறாளே. அப்பறம் இன்னாத்துக்கு என்னையும் வெச்சே? நான் கஞ்சி கலக்கி எடுத்துக்கினு வரதுக்குள்ள புள்ள வயிறு நெறஞ்சி கெடக்குது" என்றாள்.

வேலைக்கு வராமல் இருக்க ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். வேறு யாரைக் கூப்பிடுவது? வலிப்பு வரும்போது பார்த்தவர்கள் யாரும் இவளைத் தொடுவதில்லை. மறுநாள் பழைய வலையில் கட்டின தூளியில் பிள்ளையைப் படுக்கவைத்து, விழாமல் இருக்க என் சேலையைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனேன். அன்று என் கைதான் துணி மடித்தது. மணி அடித்ததும் ஓடிவந்தேன். மூத்திரத்தில் நனைந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடப்பாள் என்று நினைத்து வந்தவள் நான். பிள்ளை குளித்திருந்தாள். தலை வாரியிருந்தது. துணி மாற்றியிருந்தது. உடம்பில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏரிச் சேற்றின் வாசனை.

லட்சுமிதான் மனசு கேட்காமல் வந்திருப்பாள் என்று நன்றி சொல்லப் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உங்கள் பங்காளி வீட்டில் யாரிடமாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனீர்களா? பதில் எழுதுங்கள்.

*

சார்வரி வருஷம், ஆடி
நாகப்பட்டினம்

தனத்துக்குப் பொன்னுரங்கம் சொல்லி எழுதிக்கொண்டது.

ஓலை வந்தது. நான் யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. யாரோ நல்ல மனசுக்காரி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். தர்மம் செய்கிறவள் பெயரைத் தோண்டிக்கொண்டிருக்காதே.

இங்கே கப்பல் தூரத்தில் நிற்கிறது. கரைக்கும் அதற்கும் நடுவே அலை. மூட்டை நனையாமல் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். நேற்று ஒருத்தன் கால் போயிற்று. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அரிசியும் கருவாடும் கோட்டைத் தோணியில் அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

நான் சொன்னதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய். ஆம்பளை வயிற்றெரிச்சலில் ஒன்று சொல்வான். கிடங்கில் ஊரான் துணியை மடித்துத்தான் நாம் வாழ வேண்டுமா என்று எனக்கு இருக்கிறது. உன் இஷ்டம்.

*

சார்வரி வருஷம், ஆடிக் கடைசி
கோட்டைக்குப்பம்

தெய்வுவின் நைனாவுக்கு.

அரிசி வந்தது. கருவாட்டில் புழு.

அவள் தினமும் வருகிறாள். யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. குப்பத்தில் ஒருத்தரும் பார்த்ததில்லை. நான் கதவைக் கட்டிவிட்டுப் போகிறேன், கட்டு அவிழாமல் இருக்கிறது. திரும்பி வந்தால் தூளிக்குக் கீழே தரை ஈரம். வெயில் மண்ணைப் பிளக்கிற ஆடியில், என் வீட்டுத் தரை மட்டும் காய்வதில்லை.

பிள்ளை தேறியிருக்கிறாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. என் கையில் கஞ்சி ஊட்டினால் பாதி வெளியே வழியும், மீதி புரையேறும். அந்தப் பெண் மீன் ஊட்டுகிறாள்! முள்ளெல்லாம் ஒரு இலையில் சுத்தமாக எடுத்துவைத்திருக்கிறது. எப்படித்தான் விழுங்க வைக்கிறாளோ.

தலை பின்னுகிற விதம் எனக்குப் புதுசு. நாம் பின்னினால் புரி வலப்பக்கம் போகும். இது இடப்பக்கம் போகிறது. இடக்கைக்காரி பின்னியதுபோல.

இன்னொன்று. பிள்ளை சீட்டியடிக்கிறாள். உங்களுக்குச் சிரிப்பு வரும். உதட்டைக் குவிக்கவே தெரியாதவள், முந்தாநாள் கூரையைப் பார்த்துக்கொண்டு சீட்டியடித்தாள். தணிந்து ஒன்று, உயர்ந்து ஒன்று. உள்ளான் குருவி கரையில் கூப்பிடுமே, அதுபோல. அடித்துவிட்டு மூலையைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ பதிலுக்கு அடித்ததுபோல.

கணக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்க ஐயா என்கிறேன்.

எனக்குப் பயம் இருக்க வேண்டும். இருக்கிறது. அதைவிட வேறு ஒன்று இருக்கிறது. நேற்று நான் வந்து தூக்கியதும் பிள்ளை அழுதாள். என்னைக் கண்டு அழுதாள்.

*

சார்வரி வருஷம், ஆவணி
நாகப்பட்டினம்

தனம்,

இந்த ஓலை கண்டதும் வேலையை நிறுத்து. பிள்ளையைத் தனியாக விடாதே.

இடக்கையால் பின்னுகிறவள் எனக்கு ஒருத்தியைத் தெரியும். என் படகு திரும்புகிற நேரத்தில் கரையில் நின்று அப்படிச் சீட்டியடிப்பாள். பொம்பளை சீட்டியடிக்கக் கூடாது என்று குப்பமே திட்டும். கேட்க மாட்டாள். உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண்சாதி இருந்தாள், ஏரி முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தாள் என்று உனக்குத் தெரியும். அதற்குமேல் நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வேலம்மா. உடம்பு கிடைக்கவில்லை.

பிள்ளை இல்லை என்று அவள் போகாத கோயில் கிடையாது. ஒருமுறை பங்காளி வீட்டுக் குழந்தையைச் சொல்லாமல் கொள்ளாமல் படகில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாள். பெத்தவள் மாரடித்துக்கொண்டு கரையெல்லாம் ஓடினாள். சாயங்காலம் நிதானமாகக் கொண்டுவந்து கொடுத்து, "தண்ணி காட்டினேன். அதுக்கு இன்னா இப்ப?" என்றாள். கெட்டவள் இல்லை தனம். கையில் பிள்ளை இருந்தால் அவளுக்கு மற்றது எதுவும் தெரியாது.

வீட்டுக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? தண்ணீருக்குத்தான் கூட்டிப்போவாள். வாசலில் இரும்பு போடு. வேப்பிலை கட்டு. பூசாரியைக் கூப்பிடு.

*

சார்வரி வருஷம், ஆவணிக் கடைசி
கோட்டைக்குப்பம்

தெய்வுவின் நைனாவுக்கு.

வேலையை நிறுத்து என்று எழுத ஒரு ஓலை போதும். உலையில் எதைப் போடுவது? நீங்கள் அனுப்புவது பாதி மாதத்துக்கு வருகிறது. மீதி மாதம் பிள்ளைக்கு வேப்பிலையைக் கரைத்துக் கொடுக்கவா?

நீங்கள் சொன்னபடி செய்தேன். மீன் அரிகிற அருவாமணையை வாசற்படியில் குறுக்கே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் தெருமுனையிலேயே பிள்ளையின் குரல் கேட்டது. குரல் என்றா சொல்வது, வெறும் காற்று. தூளி முழுக்க நனைந்திருந்தது. வலிப்பு வந்து நாக்கைக் கடித்திருந்தாள், வாயெல்லாம் ரத்தம். ஈ மொய்த்தது. உயிரோடு இருக்கிற நூறு பேர் அந்தத் தெருவில் நடந்து போயிருக்கிறார்கள். ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை.

அருவாமணையை நானே எடுத்துக் கொல்லையில் எறிந்தேன்.

மறுநாள் காலையில் ஒரு தட்டில் சோறு வைத்தேன். என் பங்கில் எடுத்தது. "அக்கா, உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனேன். எனக்கு மூத்தவள், அக்கா என்றுதானே சொல்ல வேண்டும். திரும்பி வந்தபோது பிள்ளையின் உதட்டில் ஏதோ பச்சிலை அரைத்துத் தடவியிருந்தது. சோறு அப்படியே இருந்தது. தட்டில் மட்டும் தண்ணீர் ததும்பி நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

செத்தவள் வந்து என் பிள்ளையைப் பார்க்கிறாள் என்று பூசாரியிடம் போய்ப் புகார் சொல்லவா? அவளை விரட்டிவிட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார்கள், நீங்களா?

(பொன்னுரங்கத்துக்குச் சீனிவாசன் தன் கையால் சேர்த்து எழுதுவது. இந்த ஓலையில் 'நீங்கள்' என்று இருக்கும் இடங்களில் உன் பெண்சாதி 'நீ' என்றுதான் சொன்னாள். மரியாதைக்காக நான் மாற்றினேன். மற்றதை மாற்றவில்லை. நேற்று உச்சிப்பொழுதில் உன் வீட்டு வழியாகப் போனேன். கதவு வெளியே கட்டியிருந்தது. உள்ளே தூளி ஆடுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேர் சீட்டியடித்தார்கள். நான் வேறு வழியாகத்தான் இப்போது வீட்டுக்குப் போகிறேன்.)

*

சார்வரி வருஷம், புரட்டாசி
நாகப்பட்டினம்

தனம்,

மழைக்கு முன்னால் கப்பல் ஏற்றி முடிக்க வேண்டும், அதுவரை ஆளை விடமாட்டேன் என்கிறார்கள். முடிந்ததும் வருகிறேன்.

தெய்வு என்னைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வாளா?

*

சார்வரி வருஷம், புரட்டாசிக் கடைசி
கோட்டைக்குப்பம்

தெய்வுவின் நைனாவுக்கு.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே காற்று பிடித்துக்கொண்டது. கிடங்கின் ஓடு பறந்தது. மழை உள்ளே வந்தால் துணி கெட்டுவிடும் என்று எல்லாவற்றையும் மூடிக் கட்டச் சொல்லி, பகலிலேயே மணி அடித்து எங்களை வெளியே விட்டார்கள். நான் வழக்கமாக வருகிற நேரம் இல்லை. கதவுக் கட்டு அவிழாமல் இருந்தது. அவிழ்த்துக்கொண்டு போனால் தூளி காலி. சுற்றிக் கட்டின சேலையை அழகாக மடித்து மேலே வைத்திருந்தது. நாங்கள் கிடங்கில் மடிக்கிற மாதிரி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

பின்பக்கம் ஓடினேன். கரையில் ஒருத்தரும் இல்லை, காற்றுக்குப் பயந்து படகெல்லாம் மேலே ஏற்றியிருந்தது. ஏரியைப் பார்த்தேன். தூரத்தில், தண்ணீருக்கு நடுவில், தெய்வு உட்கார்ந்திருந்தாள்.

உட்கார்ந்திருந்தாள். இடுப்பளவு தண்ணீரில், முதுகு நிமிர்ந்து, கழுத்து நேராக. மற்ற பிள்ளைகள் உட்காருவார்களே, அப்படி. இரண்டு கையாலும் தண்ணீரை அடித்து விளையாடினாள். அங்கே காற்றும் இல்லை, அலையும் இல்லை, சுற்றிலும் ஒரு களம் அளவுக்குத் தண்ணீர் எண்ணெய்போலக் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதன்மேல் சாய்ந்தாள்?

ஒரு உண்மையைச் சொல்கிறேன். நான் உடனே இறங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். என் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு இறங்கலாம் என்றிருந்தது. அதற்குள் அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்கு நகர்வதைக் கண்டேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. அப்போதும் சிரித்தாள்.

இறங்கினேன். காலைப் பனிபோலக் குளிர். கிட்டத்தில் போனதும் எப்படிக் கேட்பது என்று நின்றேன். கூச்சல் போட்டால் அக்கா கையை விட்டுவிடுவாளோ, கெஞ்சினால் கொண்டுபோய்விடுவாளோ. அப்புறம், லட்சுமி பார்த்துக்கொண்ட நாட்களில் அவளிடம் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன்.

"அக்கா, வேலை முடிஞ்சி வந்துட்டேன். புள்ளைய குடு."

கையை நீட்டிக்கொண்டே நின்றேன். "நாள் முழுக்க வெச்சிக்கினு கீறே. கை நோவும். குடுக்கா" என்றேன்.

பிள்ளை மெதுவாக என் பக்கம் வந்தாள். மிதந்து வரவில்லை, யாரோ ஏந்திக் கொடுப்பதுபோல வந்தாள். என் கைக்கு வந்த அந்த நொடி கழுத்து தொங்கிற்று, கால் தொங்கிற்று, பழைய கனம் வந்துவிட்டது. சுற்றிலும் ஒரேயடியாக அலை அடித்தது. எப்படிக் கரை சேர்ந்தேன் என்று தெரியாது.

மறுநாள் பிள்ளையோடு கிடங்குக்குப் போனேன். கோதண்டம் கையை அகட்டி வாசலை மறித்தார். நான் சொன்னேன்: "கப்பல் வந்து நிக்குது. மடிக்கத் தெரிஞ்ச கை வேணும்னா புள்ளையோட எடுத்துக்கோ. இல்லன்னா ரெண்டு பேரும் ஏரியண்ட போறோம்." அவருக்கு என்ன புரிந்ததோ, வழி விட்டார். கதவோரம் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து தெய்வு என்னோடுதான். மறுபடி வலிப்பு வருகிறது. உடம்பு இளைக்கிறது. நான் ஊட்டுவது இறங்கவில்லை. முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் யாரோ பெருக்கியிருக்கிறார்கள். காலித் தூளி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அவளைப்போல யாரும் செய்ததில்லை. அவளைத்தான் நான் வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறேன்.

கடைசிக் கப்பலுக்குச் சரக்கு கட்டி முடியும்வரை பெண்கள் கிடங்கிலேயே தங்க வேண்டும் என்கிறார்கள். பகலில் விட்டதுபோல ராத்திரியும் பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். நீங்கள் வந்தே ஆக வேண்டும். ஏரி வழியாக வராதீர்கள். பொன்னேரி வந்து, தரைவழியாக வாருங்கள்.

*

சார்வரி வருஷம், ஐப்பசி
கோட்டைக்குப்பம்

கிடங்கில் இருக்கும் தனத்துக்குப் பொன்னுரங்கம் சொல்ல, சீனிவாசன் எழுதியது. கதவுச் சந்தில் நீ பிள்ளையைக் கொடுத்தாய், நான் வாங்கினேன், அதற்குள் மூடிவிட்டார்கள். ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் இது.

நீ சொன்னபடி பொன்னேரி வழியாகத்தான் வந்தேன். ஆற்றில் வெள்ளம். நடந்து கடக்க முடியாது, ஓடம்தான். தயங்கிக்கொண்டு கரையில் நின்றேன். ஓடக்காரன் கோபித்துக்கொண்டான். "இன்னாயா, உன் ஊட்டுக்காரி ஏறி குந்தி எம்மா நேரம் ஆவுது, நீ இன்னும் யோசிச்சிக்கினு கீறே?"

ஓடத்தில் யாரும் இல்லை. நடுப்பலகை மட்டும் நனைந்திருந்தது.

திரும்பிப் பொன்னேரிக்கே ஓடிவிடலாம் என்றிருந்தது. நான் ஏறாவிட்டால் அவள் எனக்கு முன்னால் உங்களிடம் வந்து சேர்ந்துவிடுவாள் என்று தோன்றியது. ஏறி அந்தப் பலகையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். வழி முழுக்க என் தோளில் தண்ணீர் சொட்டியது, மழை இல்லை. அக்கரை தெரிந்தபோது வாயைத் திறந்தேன். "வேலு, புள்ளைய தண்ணிக்கு மட்டும் கூட்டிக்கினு போவாதே. ஊட்ல நான் இருப்பேன்" என்றேன். ஓடக்காரன் சிரித்தான், பெண்சாதிக்குப் பயந்தவன் என்று.

இன்று பகல் நானும் தெய்வுவும் தனியாக. என்னைப் பார்த்ததும் உடம்பை விறைத்துக்கொண்டாள். அடையாளம் தெரிந்துதான் விறைத்தாளோ என்னவோ. துணி மாற்றினேன், இரண்டு முறை தப்பாகக் கட்டினேன். தலை வாரினேன், சிக்கெடுக்கத் தெரியவில்லை. இதையெல்லாம் செய்துவிட்டு நீ நாள் முழுக்க நின்று துணியும் மடித்திருக்கிறாய். மூட்டை சுமக்கிறதுதான் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உச்சிப்பொழுதுக்குக் கஞ்சி கரைத்தேன். முதல் வாய் வழிந்தது. இரண்டாவது வாய் புரையேறிற்று. தூக்கித் தட்டினேன், முகம் நீலமாகி, மெதுவாக மூச்சு வந்தது. மறுபடி கொடுக்கப் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். பிள்ளை பசியில் வாயைத் திறந்து திறந்து மூடினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன்.

"எப்படிக் குடுக்கணும் வேலு?"

பின்னால் தரையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. என் இடக்கையின்மேல் ஒரு கை வந்து படிந்தது. அதைத் தெய்வுவின் தாடைக்கு அடியில் கொண்டுபோய், கொஞ்சம் முன்னால் சாய்த்து, கட்டைவிரலைத் தொண்டைக்குழிக்கு மேலே வைத்தது. பிள்ளை விழுங்கினாள். அடுத்த வாயும் விழுங்கினாள். கிண்ணம் காலியாகிறவரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

குளிர்ந்திருந்தது தனம். கையை எடு என்று நான் சொல்லவில்லை.